வாட்ச் காட்டும் 310

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்தது. மாமிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும், பெரியவளுக்கு வேலை உறுதியானதும் படிக்க நிம்மதியாக இருந்தது. இனி நீ கேட்ட கணக்குக்கு வருகிறேன்.

தினமும் ரேஸ்கோர்ஸ் நடைபாதையை ஒன்றரைச் சுற்று, முக்கால் மணி நேரம். வாட்ச் 310 கலோரி என்கிறது. ஆறு வாரமாகியும் எடை 74-லேயே நிற்கிறது. "நான் நடப்பது போதவில்லையா?" என்று கேட்டிருக்கிறாய். நடையில் குறையே இல்லை. அந்த 310-ஐ நம்பி அன்றைக்குச் சாப்பாட்டில் கணக்குத் தீர்க்கிறாயே, கோளாறு அங்கேதான்.

முதலில் வாட்சை ஓரமாக வைத்துவிட்டு விரல்விட்டே எண்ணிப் பார்ப்போம். சமதரையில் நடந்தால் ஒரு கிலோமீட்டருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் அரைக் கலோரி கூடுதலாகச் செலவாகும். தூரத்தை எடையால் பெருக்கிப் பாதியாக்கு, அவ்வளவுதான். ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர், ஆக உன் நடை 3.75. அதை 74-ஆல் பெருக்கினால் 277. பாதி 139. ஓடுகிறவர்களுக்குப் பாதியாக்கும் வேலை இல்லை, கிலோமீட்டருக்குக் கிலோவுக்கு ஒரு கலோரி. மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் தூரம் ஒன்றென்றால் செலவும் ஏறக்குறைய ஒன்றே.

இதைச் சரிபார்க்க வேறொரு வழியும் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு சக்தி என்று ஆய்வாளர்கள் போட்டு வைத்த பட்டியல் ஒன்று 1993-இல் முதலில் வந்தது. பிறகு சில முறை திருத்தினார்கள். அதில் அலகு 'மெட்'. சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட், அதாவது கிலோவுக்கு மணிக்கு 1 கலோரி. 2011 பதிப்பில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடைக்கு 3.5 மெட். உன் நடைக்கு 3.5 × 74 × 0.75 என்று போட்டால் 194 வரும். பார்த்தாயா, 139 எங்கே, 194 எங்கே!

இந்த இடைவெளியில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். 194 என்பது மொத்தம். அந்த முக்கால் மணி நேரம் நீ நடக்காமல் சோபாவில் கிடந்திருந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் உடல் சூட்டுக்கும் கொஞ்சம் எரிந்திருக்கும். அதைக் கழித்தால் மிஞ்சுவதே நடையின் சம்பாத்தியம். ஓய்வுச் செலவைக் கணக்கிட 1990-இல் வந்த மிஃப்ளின் சூத்திரம் போதும். பெண்களுக்கு: எடையைப் பத்தால் பெருக்கு, உயரத்தை (சென்டிமீட்டரில்) 6.25-ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டி, வயதின் ஐந்து மடங்கையும் 161-ஐயும் கழி. உனக்கு (74 கிலோ, 156 சென்டிமீட்டர், 51 வயது) 740 + 975 − 255 − 161, அதாவது நாளுக்கு 1299, மணிக்கு 54. முக்கால் மணிக்கு 41. 194-இல் 41 போனால் 153. இப்போது இரண்டு வழியும் 139, 153 என்று கிட்டத்தட்ட கைகோத்து நிற்கின்றன. சிறியதை எடுத்துக்கொள். எடை குறைக்கும்போது நடையில் எரித்ததைக் குறைத்தும் தட்டில் சாப்பிட்டதைக் கூட்டியும் எழுதுகிறவள்தான் கெட்டிக்காரி.

கிலோவுக்கு மணிக்கு 1 என்று கொண்டால் உன் ஓய்வுச் செலவு 74 ஆகியிருக்க வேண்டும், சூத்திரமோ 54 என்கிறதே என்று நீ மடக்குவாய். அந்த 1 மெட் அளவே பலருக்கு மிகை. உடம்பு எரிக்கும் சக்தியை அது எடுக்கும் ஆக்சிஜனை வைத்துத்தான் அளப்பார்கள். 2005-இல் 769 பேரை அளந்து பார்த்தபோது ஓய்வில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 2.6 மில்லி ஆக்சிஜன்தான் சராசரியாக வந்தது. மெட் அளவு 3.5 மில்லியை வைத்துப் போட்டது. கொழுப்பு கூடுதலாக உள்ள உடம்பில் கிலோவுக்கு எரிவது இன்னும் குறைவு.

சரி, வாட்ச் ஏன் 310-க்குத் தாவுகிறது? அதற்கு ஆக்சிஜனை அளக்க வழியில்லை. மணிக்கட்டில் பச்சை விளக்கடித்து நாடித்துடிப்பைப் பிடித்து, உன் வயது, எடை, உயரத்தோடு சேர்த்து ஊகிக்கிறது. துடிப்பு கூடினால் உழைப்பு கூடியதென்று அதற்கு நினைப்பு. ஆனால் சித்திரை வெயில், தண்ணீர் குடிக்காத வயிறு, கிளம்பும் முன் குடித்த டிகிரி காபி, ராத்திரி சரியில்லாத தூக்கம், எல்லாமே துடிப்பை ஏற்றும். சக்திச் செலவு அந்த அளவு ஏறாது. நடந்துகொண்டே போனாலும் அரைமணிக்குப் பிறகு துடிப்பு தானாக மெல்ல ஏறும், வேகம் கூடாமலேயே. பட்டி தளர்வாக இருந்தால் இன்னொரு கூத்து: கை வீச்சின் தாளத்தையே நாடி என்று எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 110 அடி வைக்கிறாய், திரையிலும் 110 என்றே அசையாமல் நின்றால் சந்தேகப்படு. பட்டியை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே ஏற்றி இறுக்கிக் கட்டு. அமைப்புகளுக்குள் போய் எடையையும் பார், வாங்கிய அன்று போட்ட எடை அப்படியே கிடக்கும்.

2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு வாட்சுகளை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தார்கள். துடிப்பில் ஆறு வாட்சுகள் 5 சதவீதத்துக்குள் சரி. கலோரியிலோ இருந்ததிலேயே நல்லது சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். ஆகவே துடிப்புக்கு அதை நம்பு, கலோரிக்கு நம்பாதே. மொத்தம், உழைப்பு என்று இரண்டு எண் காட்டும் மாதிரியானால் உழைப்பு எண்ணை மட்டும் பார், அதிலும் பாதியை எழுது.

மழை நாளில் ட்ரெட்மில்லில் ஏறுவதாகச் சொன்னாய். எடை கேட்காத இயந்திரம் ஏதோ ஓர் எடையை வைத்துக் கணக்குப் போடும், அதன் எண்ணைச் சீந்தாதே. ஏற்றத்துக்கு மட்டும் நல்ல பலன் உண்டு. அதே 5 கிலோமீட்டர் வேகத்தில் 5 சதவீத ஏற்றம் வைத்தால் நடையின் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆனால் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தால் ஏற்றத்தின் பலன் பெருமளவு கம்பிக்கே போய்விடும். பிடிக்காமல் நிற்க முடியவில்லையென்றால் ஏற்றத்தைக் குறை.

டம்பெல் பயிற்சிக்குக் கலோரி எண்ணவே வேண்டாம். நடுநடுவே நிற்கும் நேரம் எல்லா எண்ணையும் கெடுத்துவிடும். தசை கரையாமல் இருக்க அதைச் செய். "பயிற்சி முடிந்த பின்னும் மணிக்கணக்காக எரியும்" என்று ஜிம்மில் சொல்வார்கள். எரியும், ஆனால் கொஞ்சம்தான். உன் நடைக்கு அது கணக்கில் சேர்க்கும் அளவில்லை.

இப்போது தட்டின் பக்கம். 139 கலோரி என்பது ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய்க்குச் சற்றுக் கூட. (கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, ஒரு மேசைக்கரண்டி சுமார் 120.) வறுத்த கடலை 30 கிராம் ஒரு கைப்பிடி, அதுவே 170. '310 சம்பாதித்தேன்' என்று திரும்பி வரும் வழியில் இரண்டு மெதுவடை சாப்பிட்டால் நடையின் வரவு அங்கேயே போய்க் கடனும் ஏறியிருக்கும். போதாக்குறைக்கு நடந்த களைப்பில் மத்தியானம் கூடுதலாக ஒரு மணி நேரம் படுத்தால் உடம்பு தன் பங்குக்கும் கொஞ்சம் மிச்சம் பிடித்துவிடும். தான்சானியாவின் ஹட்சா வேட்டைக்குடி மக்கள் நாளெல்லாம் நடந்தும், உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டால், மேலைநாட்டு நகரவாசிகளைவிட அதிகம் செலவழிக்கவில்லை என்று 2012-இல் அளந்து காட்டினார்கள்.

இத்தனை ஊகத்துக்கும் நடுவில் உன் உடம்பையே கருவியாக்கலாம். நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். காலையில் எழுந்து கழிவறை போய்விட்டு, எதுவும் குடிக்கும் முன், அதே தராசில் எடை பார்த்து எழுது. ஒரு நாள் எண்ணைக் கண்டு சந்தோஷமும் வேண்டாம், அழுகையும் வேண்டாம். முதல் நாள் ராத்திரி ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஏகாதசி விரதம் இருந்தால் உடம்பில் சேமித்த மாவுச்சத்து கரையும், ஒரு கிராமோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து போகும். நடந்துவிட்டு வந்து பார்த்தால் அரைக் கிலோ குறைவது வியர்வை, இரண்டு சொம்புத் தண்ணீரில் திரும்பிவிடும். அதனால் ஏழு நாள் சராசரி எடு. முதல் வாரச் சராசரிக்கும் நான்காம் வாரச் சராசரிக்கும் இடையில் 21 நாள். வித்தியாசத்தை 7700-ஆல் (ஒரு கிலோ எடைக்கு இத்தனை கலோரி என்பது கணக்கு) பெருக்கி 21-ஆல் வகு. 0.6 கிலோ குறைந்திருந்தால் நாளுக்கு 220 கலோரி பற்றாக்குறை. இது வாட்ச் சொன்னதல்ல, உன் உடம்பு சொன்னது.

அந்த 7700-ஐயும் வேதமாக எடுத்துக்கொள்ளாதே. ஒரு பவுண்டு எடைக்கு 3500 கலோரி என்று 1958-இல் போட்ட கணக்கின் கிலோ வடிவம் அது. சில வாரங்களுக்குச் சரி, வருடக்கணக்குக்கு ஒத்துவராது. எடை இறங்க இறங்கச் செலவும் இறங்கும். 68-க்கு வந்துவிட்டால் உன் ஒன்றரைச் சுற்று 139 அல்ல, 128. ஐந்து கிலோவுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிதாகப் போடு.

நான்கு வாரமும் நடைக்காகத் தட்டில் எதையும் கூட்டாதே. சமையலுக்கு எடுக்கும் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்று, 'கண்ணளவு' வேண்டாம். அண்ணனையும் கூட்டிக்கொண்டு நட, எண்களை மாதக் கடைசியில் எனக்கு எழுது.

அன்புடன்,
பத்மா

பி.கு.: ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பதாக எழுதியிருந்தாய். அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார். அட்டெனலால், மெட்டோப்ரலால் வகை என்றால் அது துடிப்பையே அடக்கி வைக்கும். அப்போது வாட்ச் 310 காட்டுவது இன்னும் விசித்திரம், பட்டியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எத்தனை துடிப்பு வரை போகலாம் என்பதை டாக்டரிடம் கேள், வாட்சிடம் கேட்காதே.