அந்தப் போரில் அடிமைகள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கெட்டிஸ்பர்க் சண்டையை விவரித்த பகுதி நன்றாக இருந்தது. ஆனால், போருக்கு உண்மையான காரணம் சுங்கவரியும் மாநில உரிமையும்தான், அடிமைமுறை பிற்பாடு பூசப்பட்ட சாயம் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதைப் படித்ததும் மனம் பொறுக்கவில்லை. பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் படித்த பிள்ளைகளும் தங்கள் இதழின் வாசகர்கள். அவர்கள் இதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

தெற்கத்தி மாநிலங்கள் ஏன் பிரிந்தன என்று நாம் ஊகிக்கவே வேண்டியதில்லை. அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1861 ஜனவரியில் மிசிசிப்பி வெளியிட்ட பிரிவினை அறிக்கையைப் பாருங்கள். எங்கள் நிலை அடிமைமுறையோடு முற்றாகப் பிணைந்தது, அதுவே உலகின் மிகப்பெரிய பொருளாதார நலன் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கிறது. அதே ஆண்டு மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசிய, பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தெற்குக் கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே எங்கள் அரசின் மூலைக்கல் என்று பெருமையாகவே அறிவித்தார். சாயம் பூச வேண்டிய தேவை அன்று அவர்களுக்கு இருக்கவில்லை. தோற்ற பிறகுதான் அந்தத் தேவை வந்தது.

சுங்கவரி வாதம் தேதிகளின் முன் நிற்காது. கட்டுரையாளர் குறிப்பிடும், இறக்குமதிச் சுங்கவரியை உயர்த்திய மோரில் வரிச் சட்டம் 1861 மார்ச் 2 அன்றுதான் கையொப்பமானது. பிப்ரவரி தொடக்கத்துக்குள்ளாகவே ஏழு மாநிலங்கள் பிரிந்துவிட்டிருந்தன. முதலில் பிரிந்த தென் கரோலினா தன் காரணங்களை அடுக்கிய அறிக்கையில் சுங்கவரி என்ற பேச்சே இல்லை.

மாநில உரிமை என்பது இன்னும் வேடிக்கையான வாதம் என்று சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. தென் கரோலினாவின் குறையே வடக்கத்தி மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தின என்பதுதான். தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் தர மறுக்கிறார்கள், தன் அடிமையோடு நியூயார்க் வழியாகப் பயணம் செய்யக்கூட அங்குள்ள நீதிமன்றங்கள் விடுவதில்லை என்று அந்த அறிக்கை புலம்புகிறது. வடக்கு மாநிலங்களின் கையை முறுக்கி அடிமையை மீட்டுத் தர மத்திய அரசின் 1850ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டும் என்று கேட்டவர்களை மாநில உரிமைப் போராளிகள் என்று எப்படிச் சொல்வது?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வடக்கு அடிமைகளை விடுவிப்பதற்காகப் போரில் இறங்கவில்லை, நாடு உடையாமல் காக்கவே இறங்கியது. 1862 ஆகஸ்டில் லிங்கன் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தைக் கட்டுரையாளர் எடுத்துக்காட்டுகிறார். ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் நாட்டைக் காக்க முடிந்தால் அப்படியே செய்வேன் என்று லிங்கன் எழுதியது உண்மை. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே, அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அவர் தன் அமைச்சர்களிடம் வாசித்துக் காட்டிவிட்டார். அந்த ஒரு மாதத்தைக் கட்டுரை தாண்டிப் போய்விடுகிறது.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. 1860இல் அந்த நாட்டில் ஏறக்குறைய 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். எட்டுப் பக்கக் கட்டுரையில் அவர்களில் ஒருவருக்குக்கூடப் பெயர் இல்லை. "லிங்கன் அடிமைகளை விடுவித்தார்" என்ற ஒற்றை வரி விடையை நானும் எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பெயர்களை இப்போது சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

1861 மே மாதம், போர் மூண்டு ஆறு வாரம்கூட ஆகவில்லை. வர்ஜீனியாவில் தெற்குப் படைக்கு அரண் கட்டிக்கொண்டிருந்த ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மலோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் இரவோடு இரவாகப் படகில் ஏறி, வடக்குப் படையின் வசமிருந்த மன்ரோ கோட்டையில் போய்ச் சேர்ந்தார்கள். உரிமையாளரின் சார்பில் ஓர் அதிகாரி வந்து, சட்டப்படி அவர்களைத் திருப்பித் தாருங்கள் என்றார். கோட்டைத் தளபதி பட்லர் வழக்கறிஞராக இருந்தவர். வர்ஜீனியா தன்னை அயல்நாடு என்று சொல்லிக்கொண்டுவிட்டதே, அமெரிக்கச் சட்டம் உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று மடக்கிவிட்டார். மூவரும் கோட்டையிலேயே தங்கினார்கள். செய்தி பரவியதும் குடும்பம் குடும்பமாக மக்கள் அந்தக் கோட்டையை நோக்கி வரத் தொடங்கினார்கள். விடுதலைப் பிரகடனத்துக்கு அப்போது இன்னும் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் இருந்தது.

அடுத்த ஆண்டு மே 13. சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் 'பிளான்டர்' என்ற தெற்குப் படையின் நீராவிக் கப்பல் நின்றிருந்தது. வெள்ளை அதிகாரிகள் கரையில் உறங்கப் போயிருந்தார்கள். கப்பலை ஓட்டிப் பழகியிருந்த 23 வயது அடிமை ராபர்ட் ஸ்மால்ஸ், விடியுமுன் அதைக் கிளப்பி, வழியில் தன் மனைவி மக்களையும் மற்றவர்களின் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்து, அவரைப் போலவே நின்றுகொண்டு, தெற்குப் படையின் வசமிருந்த சம்டர் கோட்டையின் பீரங்கிகளுக்குக் கீழே சரியான சங்கொலி எழுப்பிக் கடந்தார். காவலர்கள் வழிவிட்டார்கள். பீரங்கி எட்டாத தொலைவு போனதும் தெற்கின் கொடியை இறக்கிப் படுக்கை விரிப்பு ஒன்றை வெள்ளைக் கொடியாகக் கட்டி, கப்பலோடு வடக்குப் படையிடம் சேர்ந்தார். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். தன்னை அடிமையாக வைத்திருந்தவரின் வீட்டையே விலைக்கு வாங்கினார்.

வடக்குத் தரைப்படையில் சுமார் 1,79,000 கறுப்பின வீரர்கள் சேர்ந்தார்கள். வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடுப்புக்கென்று 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவினர் அந்தக் குறைந்த சம்பளத்தைத் தொடவே மறுத்து, ஒரு காசு வாங்காமல் போரிட்டார்கள். 1864இல்தான் சமச் சம்பளச் சட்டம் வந்தது.

போர் முடிந்த பிறகு கறுப்பின மக்களின் பத்திரிகைகளில் வந்த 'காணவில்லை' விளம்பரங்களையும் சொல்ல வேண்டும். தாயின் பெயர், கடைசியாகப் பார்த்த ஊர், விற்ற முதலாளியின் பெயர், வாங்கிக்கொண்டு போன வியாபாரியின் பெயர் எல்லாம் இரண்டு மூன்று அங்குலத்துக்குள் இருக்கும். சந்தையில் பிரித்து விற்கப்பட்டபோது குழந்தையாக இருந்தவர்கள், நரைத்த வயதில் தாயைத் தேடிக் கொடுத்த விளம்பரங்கள் அவை. நியூ ஆர்லியன்ஸில் வெளிவந்த ஒரு கிறித்துவ வார இதழில் இதற்கென்றே தனிப் பத்தி இருந்தது. போதகர்கள் அதைச் சபையில் உரக்க வாசிக்க வேண்டும் என்றும் அந்த இதழ் கேட்டுக்கொண்டது. போர் ஓய்ந்து முப்பது ஆண்டுகள் கழித்தும் இத்தகைய விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன.

இந்தத் தொடரின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் மிசிசிப்பி அறிக்கையின் தொடக்க வரிகளையும், அந்த விளம்பரங்களில் ஒன்றையும் தமிழாக்கி அருகருகே அச்சிடும்படி வேண்டுகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் ஆகாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், கும்பகோணம்