புளியரைத் தோட்டத்து ஷெட்டுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

வணக்கம்.

மலையடிவாரத்தில் நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து குத்தகைக்கு எடுத்திருக்கும் தோட்டத்தில் சாமான் ஷெட் எழும்பிவிட்டது. களை எடுக்கும் இயந்திரம், விசைத் தெளிப்பான், சொட்டுநீர்க் குழாய்ச் சுருள், தக்காளிப் பெட்டிகள் எல்லாம் பூட்டுக்குள் இருக்கின்றன. ஆடிக் காற்றும் ஒரு சுற்று அடித்து ஓய்ந்துவிட்டது. ஷெட் இம்மியும் நகரவில்லை. நன்றி சொல்ல இதுதான் நேரம் என்று எல்லோருமாகப் பேசி முடிவு செய்தோம். எழுதும் பொறுப்பு எனக்கு. உதவியவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் முறை சொல்லியும் தொழிலைச் சொல்லியும் எழுதுகிறேன். யார் யார் என்று ஊருக்குத் தெரியும்.

முதல் நன்றி நிலத்துக்காரர் பெரியப்பாவுக்கு. "என்ன வேணும்னாலும் வச்சுக்கோங்க, ஆனா காங்கிரீட் தளம் மட்டும் வேண்டாம், குத்தகை முடிஞ்சா மண்ணு மண்ணா இருக்கணும்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எங்களுக்கு வழி காட்டியது. கழற்றி எடுத்துப் போகக்கூடிய ஷெட்தான் வேண்டும், அடித்தளமும் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அன்றே முடிவானது. மின்சாரக் கம்பியும் கிணற்றுக் குழாயும் எந்தப் பக்கம் போகின்றன என்று கூடவே நடந்து காட்டியதற்கும் சேர்த்து நன்றி, பெரியப்பா.

அடுத்தது செங்கோட்டை இரும்புக்கடை அண்ணாச்சி. அவரிடம் வெல்டிங் பட்டறையும் இருக்கிறது. ஷெட்டை அங்கேயே அடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் நாங்கள் சரி என்றிருப்போம். அவர் அப்படிச் சொல்லவில்லை. "வெல்டிங் வச்சா கட்டுறுதியா இருக்கும். ஆனா நாளைக்கு இடம் மாத்தணும்னா கிரேன் வேணும். பத்த வச்ச இடத்துல துத்தநாகப் பூச்சு எரிஞ்சு போகும், அங்கேதான் முதல்ல துருப்பிடிக்கும். போல்ட் போட்டுப் பூட்டுற, துத்தநாகம் பூசின இரும்புத் தகட்டு (ஜிஐ) ஷெட்டா வாங்குங்க" என்றார். தன் கைக்கு வர இருந்த வேலையை விட்டுவிட்டு நமக்கு எது நல்லது என்று பார்த்துச் சொன்ன மனிதர் அவர்.

மற்ற வகைகளையும் அவரோடு உட்கார்ந்து அலசினோம். பிளாஸ்டிக் ஷெட் துருப்பிடிக்காது, எடை குறைவு, ஆட்களும் குறைவாகப் போதும். ஆனால் வெயில் தாங்கும் சேர்மானம் சேர்க்காத பிளாஸ்டிக் சில வருஷத்தில் மொறுமொறுவென்று ஆகிவிடும், எலியும் கடிக்கும். சுவரில் மண்வெட்டி, கடப்பாரை தொங்கவிடும் அளவுக்குப் பலம் இருக்காது. மரம் பார்க்க அழகு, எங்கள் செம்மண்ணில் கரையானுக்கு விருந்து. குழாய்ச் சட்டத்தின் மேல் தார்பாய் போர்த்தும் வகை இந்தக் கணவாய்க் காற்றுக்குப் பேச்சே இல்லை. அப்புறம், கேட்க வேண்டிய கேள்விகளையும் அண்ணாச்சிதான் எழுதிக் கொடுத்தார். தகடு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்கணும், கேஜ் எண்ணைச் சொன்னால் அது கூடக்கூடத் தகடு மெல்லிசாகும் என்பதை ஞாபகம் வைக்கணும். விளம்பரத்தில் வரும் அளவு பல நேரம் கூரையின் அளவாக இருக்கும், உள்ளே கிடைக்கும் இடம் அதைவிடக் குறைவு. அதனால் உள்ளளவைத் தனியாகக் கேட்கணும். கதவு அகலம் களை இயந்திரத்தின் கைப்பிடி அகலத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று டேப்பு வைத்துப் பார்க்கணும். இந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விசாரித்ததில், பார்த்தவற்றில் பாதிக்கு மேல் தானாகவே கழிந்துபோயின. கடைசியில் அடித்தளத்தில் 6 அடிக்கு 8 அடி வரும் ஒன்றை எடுத்தோம்.

இடம் எங்கே என்பதுதான் பெரிய விஷயம். வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறினால் கோட்டைவாசல், அதைத் தாண்டினால் கேரளத்து ஆரியங்காவு. மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்த இடத்தில் ஒரு திறப்பு. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே புகுந்து வேகம் பிடித்து எங்கள் பக்கம் இறங்கும். பாலக்காடு, கம்பம், ஆரல்வாய்மொழி கணவாய்களைப் போலவே செங்கோட்டைக் கணவாயும் காற்றாலைக்காரர்கள் தேடி வரும் இடம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்களுக்குப் பழமொழிக் கணக்கில் வராது, வருஷா வருஷம் ஓலைக் கூரையைப் பிரித்துப் போடும் காற்று அது.

அந்தக் காற்றை எங்களுக்குக் காட்டிக் கொடுத்தவர் ஆடு மேய்க்கும் தாத்தா. நாங்கள் தென்னை நிழலில் வைக்கலாம் என்று குச்சி நட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "தேங்கா விழுந்தா தகடு என்னத்துக்கு ஆகும் தாயீ" என்று கேட்டார். பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நடந்து, மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாம் கிழக்கே சாய்ந்திருந்தன. மேற்கே இருக்கும் கிளுவை வேலிக்கு உள்ளே, அது காற்றை உடைத்துக் கொடுக்கும் தூரத்தில் வைக்கச் சொன்னார். கதவு எந்தப் பக்கம் என்றும் அவர்தான் சொன்னார். மேற்கே வைத்தால் ஆடிக் காற்று கதவைப் பிடுங்கும், கிழக்கே வைத்தால் ஐப்பசி அடைமழை உள்ளே வரும், தெற்கே வையுங்கள் என்றார். எங்களில் ஒருத்தி தெற்கு வாசல் ஆகாதே என்று தயங்கினாள். "வீட்டுக்குத்தான் வாசல் பாக்கணும், சாமான் கொட்டகைக்குக் காத்தப் பாரு" என்றார். இரண்டு பருவமழையும் வந்து போகும் இந்த ஊரில் அது எத்தனை சரியான பேச்சு என்பதை ஆடிச் சாரலில் பாதி பார்த்துவிட்டோம்.

இனி கொத்தனார் சித்தப்பா. இந்த மடலில் பாதி அவருக்கே போக வேண்டும். ஷெட்டைவிடச் சுற்றிலும் ஒரு அடி கூடுதலாக அளந்து, மேல்மண்ணை ஒரு ஜாண் ஆழம் எடுத்து, கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் திம்சுக்கட்டையால் இடித்துக் கெட்டிக்க வைத்தார். சுற்றுத் தரையைவிட மேடாகத் தூக்கினார். மழைத் தண்ணீர் அடியில் தேங்கவே கூடாது என்பதில் அவருக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது. அதன் மேல் பேவர் பிளாக் அடுக்கி, தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் பிடித்து நான்கு மூலையும் ஒரே மட்டம் வரும்வரை விடவில்லை. அடித்தளம் கோணினால் கதவு நகராது, ஓட்டைகள் ஒன்றுக்கொன்று சேராது, எத்தனை நல்ல ஷெட் வாங்கியும் பிரயோஜனம் இல்லை என்றார்.

மூலை கோணாமல் இருக்கிறதா என்று மூலமட்டம் பார்ப்பதையும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு பக்கம் 3, அடுத்த பக்கம் 4 என்றால் குறுக்கே 5 வர வேண்டும் என்பது கொத்தனார் கணக்கு. எங்கள் ஷெட் 6-க்கு 8. அதனால் மூலைக்கு மூலை சரியாக 10 அடி. இரண்டு குறுக்களவும் 10 அடி காட்டினால் சட்டம் மூலமட்டத்தில் இருக்கிறது, ஒன்று கூடி ஒன்று குறைந்தால் கோணல். டேப்பின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையில் அவர் பேத்தி நின்று "பத்து!" என்று கத்தியபோது வந்த சந்தோஷம் பெரியது.

காங்கிரீட் தளம் இல்லாமல் காற்றுக்கு எப்படித் தாக்குப்பிடிக்கும் என்ற கவலைக்கும் அவரே விடை சொன்னார். காற்று கூரை மேல் ஓடும்போது கூரையை மேலே இழுக்கும். கதவு திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்று அடியில் இருந்தும் தள்ளும். அதனால் பக்கவாட்டில் தள்ளுவதைவிட மேலே தூக்குவதுதான் பயப்பட வேண்டியது. கீழே பாரம் வேண்டும். காலியான 20 லிட்டர் பெயிண்ட் வாளிகள் ஆறைக் குழிக்குள் இறக்கி, காங்கிரீட் நிரப்பி, ஷெட்டின் சட்டத்தைப் பிடித்து வைக்கும் ஃபவுண்டேஷன் போல்ட்டை ஈரத்திலேயே நிறுத்தினார். ஒரு வாளி காங்கிரீட் 48 கிலோ அளவுக்கு வரும். ஆறும் சேர்ந்தால் கால் டன்னுக்கு மேல். வாளி மேலே அகலம், கீழே குறுகல். காலி செய்யும் நாளில் சுற்றி மண்ணைப் பறித்து இழுத்தால் வந்துவிடும். பெரியப்பா கேட்டபடி மண் மண்ணாகவே இருக்கும். வாளிகளைச் சேர்த்துக் கொடுத்த பெயிண்டர் அண்ணனுக்கும் இங்கேயே நன்றி.

பெட்டிகள் வந்த லாரி தோட்டம் வரை வரவில்லை. குட்டியானை வண்டியில் ஏற்றி, அதுவும் நின்ற இடத்தில் இருந்து வரப்பு வழியாகத் தலையில் சுமந்து கொண்டுவந்த கபடி விளையாடும் பையன்களுக்கு அன்பும் நன்றியும். தகட்டின் ஓரம் கத்தி போல் அறுக்கும் என்று கையுறை வாங்கிக் கொடுத்து அனுப்பிய அவர்களின் அம்மாக்களுக்கும்.

ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கும் தம்பி இல்லாவிட்டால் படம் போட்ட அந்த ஆங்கிலக் கையேடு எங்களுக்குக் காகிதம்தான். எல்லாப் பாகங்களையும் தரையில் பரப்பி, எண் சரிபார்த்து, திருகு, நட்டு, வாஷர் வகைவகையாக முட்டை அட்டையில் போட்டு, ஒவ்வொரு குழிக்கும் எண் எழுதினான். குறைந்திருந்த சில வாஷர்களை வேலை தொடங்கும் முன்பே கண்டுபிடித்து அண்ணாச்சி கடையில் வாங்க வைத்தான். பிறகு கையேட்டின் ஓரத்தில் தமிழில் குறிப்பெழுதினான். இப்போது அதைப் பார்த்து எங்களில் யாரும் இந்த ஷெட்டைப் பிரித்துப் பூட்ட முடியும்.

ஆரியங்காவில் இருந்து வந்த சேட்டனைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. வீட்டு மாடிக்கு மேல் ட்ரஸ் என்னும் இரும்புச் சட்டம் போட்டுத் தகடு வேய்வது அவர் தொழில். மழையும் தகடும் சேர்ந்தால் என்னவாகும் என்று அவருக்கு உள்ளங்கை ரேகை போலத் தெரியும். தேநீரும் மதியச் சாப்பாடும் தவிர எதையும் வாங்க மறுத்துவிட்டார். வந்ததும் முதல் வேலையாக, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்த தகடுகளைப் பிரித்துச் சாய்த்து வைத்தார். அடுக்கின் இடையே ஈரம் தங்கினால் பூட்டும் முன்பே வெள்ளைத் துரு பூத்துவிடுமாம். பிறகு சட்டத்தில் திருகு போடும்போது நாங்கள் ஒவ்வொன்றையும் முழுக்க இறுக்கப் போக, "முறுக்கண்டா, பின்னெ மதி" (இறுக்க வேண்டாம், பிறகு போதும்) என்று தடுத்துக்கொண்டே இருந்தார். எல்லாத் திருகையும் பாதி முறுக்கில் விட்டு, நான்கு சுவரும் நின்று, குறுக்களவு மறுபடி பார்த்த பிறகே முழுக்க இறுக்க விட்டார். அப்படிச் செய்ததால் கடைசி மூலையில்கூட ஓட்டைகள் இழுபறி இல்லாமல் சேர்ந்தன.

கூரையில் அவர் காட்டிய கவனத்தை எழுதினால் நீளும், ஆனாலும் எழுதுகிறேன், யாருக்காவது உதவும். முதல் தகட்டைக் கிழக்கு ஓரத்தில் போட்டு மேற்கு நோக்கி வந்தார். அப்போது மேல்தகட்டின் விளிம்பு காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நிற்கும்; காற்றும் சாரலும் மடிப்புக்குள் நுழையாது. ரப்பர் வாஷர் நசுங்கிப் பிதுங்கும் அளவுக்குத் திருகை இறுக்கக் கூடாது, உட்கார்ந்தால் போதும். துளை போட்டபோது சிதறிய இரும்புத்தூளை அன்றைக்கே துணியால் துடைத்தெடுத்தார். விட்டால் அந்தத் தூள் துருப்பிடித்துத் தகட்டையும் கெடுக்கும். ஒரு பக்கச் சுவரில் கீழேயும் எதிர்ச்சுவரில் மேலேயும் காற்றுத் துளை விட்டு வலை அடித்தார். ராத்திரி தகடு குளிரும்போது உள்ளே அடைபட்ட ஈரக்காற்று கூரையின் அடியில் நீராகக் கோர்த்துச் சொட்டும், காற்று ஓடினால் அது குறையும் என்றார். கூரை முடியாமல் பொழுது சாய்ந்த அன்று, பாதி நின்ற ஷெட்டைக் காற்றுக்கு விட்டுப் போகக் கூடாது என்று கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு, கயிறு கட்டி முடித்த பிறகுதான் கிளம்பினார். சேட்டா, அந்த இரவை நாங்கள் மறக்க மாட்டோம்.

உதவி வேளாண்மை அலுவலர் அக்கா ஒருமுறை எட்டிப் பார்த்து, யூரியா மூட்டையைத் தகட்டில் சாய்க்காமல் மரப்பலகை மேல் வைக்கவும், பூச்சிமருந்துக்குத் தனிப் பூட்டுப் பெட்டி வைக்கவும், பெட்ரோல் கேனை உள்ளே வைக்கவே வேண்டாம் என்றும் சொன்னார். அப்படியே செய்திருக்கிறோம்.

வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன் சொன்னது இன்னும் முக்கியம். இந்த மலையடிவாரத்தில் யானை நடமாட்டம் உண்டு. உப்பு, வெல்லம், தவிடு, வாழைத்தார், அரிசி எதையும் ஷெட்டில் ஒரு இரவுகூட வைக்காதீர்கள், வாசனை பிடித்து வந்தால் தகடு எல்லாம் அதற்குக் காகிதம் என்றார். பறித்த காய்கனிகள் அன்றன்றைக்கே சந்தைக்கோ வீட்டுக்கோ போய்விடுகின்றன. மாட்டுத் தீவனத்தை ஷெட்டில் வைக்கக் கேட்ட பக்கத்துத் தோட்டத்தாருக்கு மறுத்ததும் இதனால்தான். அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, அவர்களுக்கும் நன்றி.

வேலை நடந்த நாளெல்லாம் கூழும் சுக்குக் காப்பியும் கொண்டுவந்த மைனிமார்கள், டியூப் மட்டம் இரவல் தந்த பக்கத்துத் தெரு மாமா, எங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அங்கன்வாடி டீச்சர் எல்லோருக்கும் எங்கள் ஆறு பேரின் கையெடுத்த கும்பிடு.

தார்பாய் கொடுத்த அண்ணனுக்கு ஒரு செய்தி: தார்பாய் அலசிக் காயவைத்து மடித்திருக்கிறோம், டீக்கடையில் வாங்கிக்கொள்ளலாம். திம்சுக்கட்டை சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டது. இதே போல ஷெட் வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் காலை நேரத்தில் தோட்டத்துக்கு வந்து தொட்டுப் பார்க்கலாம். தம்பி குறிப்பெழுதிய கையேடும், அண்ணாச்சியின் கேள்விக் காகிதமும் கதவின் உட்பக்கம் பிளாஸ்டிக் உறையில் தொங்குகின்றன. களை இயந்திரம் வேண்டுபவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டால் எடுத்து வைத்திருப்போம்.

இப்படிக்கு,
தோட்டத்துப் பெண்கள் ஆறு பேர் சார்பில்