அயர்ன் வண்டி அண்ணாச்சிக்கும் உங்கள் எல்லாருக்கும்

வணக்கம்.

2023 டிசம்பரில் தாமிரபரணி எங்கள் ஊருக்குள் வந்துபோன கதையை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆட்கள் எல்லாரும் கண்ணால் பார்த்ததுதான். வெள்ளம் வடிந்த பிறகு நேற்றுதான் பள்ளியில் வகுப்பைத் திறந்தோம். 22 பிள்ளைகளில் 19 பேர் வந்தார்கள். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காலையில் ஒரு பையன், "காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர் மழையாமே, அது எவ்ளோ டீச்சர்?" என்று கேட்டான். ஸ்கேலை வைத்துச் சுவரில் அளந்தோம். ஒன்றாம் வகுப்புப் பையனை நிறுத்திப் பார்த்தால் அவன் தோளுக்கு வந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பாடநூல்கள் திரும்ப வந்துவிடும். என் கவலையெல்லாம் அலமாரியின் கீழ்த்தட்டில் ஊறிக் கிடந்த 14 கதை நோட்டுகள்தான். அரும்பு, மொட்டு என்ற கற்றல் நிலைகளில் படிப்படியாக ஏறி வந்த பிள்ளைகள் சொந்தமாக எழுதிய முதல் கதைகள் அவை. வெயிலில் வைத்தால் தாள் சுருண்டது. சுவிட்ச் போர்டு நனைந்திருந்ததால் ஃபேன் போடவும் வழியில்லை.

அப்போதுதான் வாசலில் அயர்ன் வண்டி வந்து நின்றது.

"இந்த வாரம் யாரு டீச்சர் துணி தேய்க்கக் குடுக்கப் போறா? பெட்டி சும்மாதான் கெடக்கு. அந்த நோட்டக் கொண்டாங்க" என்றார் அண்ணாச்சி. அவர் வீட்டிலும் தண்ணீர் ஏறியிருந்தது. கரிமூட்டை நனைந்துபோனதால், சிரட்டைகளை எரித்துக் கரியாக்கிக் கொண்டுவந்திருந்தார்.

வேப்பமரத்தடியில் வண்டி, சுற்றிலும் பிள்ளைகள். பெட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினார். துள்ளி ஓடினால் சூடு அதிகம், ஆறட்டும். பரவிப் பொரிந்தால் சரி. தாளுக்கு மேலும் கீழும் பழைய வேட்டியை விரித்து, பக்கம் பக்கமாகத் தேய்த்தார். "டீச்சர், கதையில இருந்து புகை வருது!" என்று ஒரு பிள்ளை கத்தியது. "புகை இல்ல பாப்பா, தண்ணிதான் ஆவியா போவுது" என்றார். ஆவியாதலை நான் கரும்பலகையில் எத்தனையோ முறை படம் போட்டு விளக்கியிருக்கிறேன். நேற்றுதான் அது பிள்ளைகளுக்குப் புரிந்தது.

ஸ்கெட்ச் பேனாப் படங்கள் கரைந்துபோயிருந்தன. பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. காய்ந்த பக்கத்தை எழுதிய பிள்ளையே எடுத்து வாசித்தது. ஒரு பையனின் நோட்டு ஒட்டிப்போய்க் கிழிந்துவிட்டது. அவன் அழத் தொடங்கும் முன், பக்கத்தில் இருந்த சிறுமி அவன் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு அது மனப்பாடம்! அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். பென்சில் அவளுடையது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சகதி அள்ளிய கல்லூரித் தம்பிகள், டிராக்டர் தந்தவர், தூய்மைப் பணியாளர்கள், காலை உணவு சமைக்கும் மகளிர் குழு அக்காக்கள், சத்துணவு அமைப்பாளர், நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் நோட்டும் பென்சிலும் அனுப்பிய முகம் தெரியாத நண்பர்கள் என எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனியே எழுத முடியாததற்கு மன்னியுங்கள்.

கதை நோட்டுகள் இனி மேல்தட்டில்தான் இருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் வேப்பமரத்தடியில் கதை வாசிப்பு நடக்கும். முதல் நாற்காலி அண்ணாச்சிக்கு. இது நான் கொடுக்கும் வாக்கு.

மணி அடித்தபோது நாலு நோட்டு மீதி இருந்தது. அண்ணாச்சி வீட்டுக்கு எடுத்துப் போனார். இன்று காலை கொண்டுவந்து கொடுத்தபோது பிரித்துப் பார்த்தேன். துருப்பிடித்த பின்களை எடுத்துவிட்டு, நாலையும் நடுவில் வெள்ளை நூல் கோத்துத் தைத்திருந்தார் அவர் மனைவி. அக்கா, உங்களுக்கும் நன்றி.