பேசாத குழந்தைக்கு முதலில் காதைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"ஆம்பளப் பசங்க மெதுவாத்தான் பேசுவாங்க, இவங்க அப்பாருகூட நாலு வயசுலதான் வாய் தொறந்தாரு" என்று சொல்லிச் சொல்லியே நம் கொங்கு வீடுகளில் மூன்று வயது கடந்துவிடுகிறது. 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் "அம்மா வா" என்பதுபோல் இரண்டு சொல் சேரவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. பேசிய சொற்கள் நின்றுபோனால் எந்த வயதானாலும் உடனே காட்ட வேண்டும். நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது.

முதலில் காது. பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தால் போதாது. கைதட்டலுக்குத் திரும்பும் குழந்தைக்கும் 'ச' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் பதிலை அளக்கும் 'பெரா' (BERA) பரிசோதனையைக் குழந்தை தூங்கும்போதுதான் செய்வார்கள். பஸ்ஸில் தூங்கி ஆஸ்பத்திரி வாசலில் விழித்துக்கொண்டால் அன்றைய பயணம் வீண். அதனால் விடியலிலேயே எழுப்பி, வழியில் தூங்கவிடாமல் கூட்டிப்போய், அங்கே பால் கொடுத்துத் தூங்க வையுங்கள்.

அடுத்து, புரிகிறதா என்று பாருங்கள். கையாலோ கண்ணாலோ காட்டாமல் இரண்டு வயதுக் குழந்தையிடம் "செருப்ப எடுத்துட்டு வா" என்று சொல்லுங்கள். புரியாமல் நின்றால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டில் "சொல்லு, சொல்லு" என்று நச்சரிக்க வேண்டாம். குழந்தை "பூ" என்றால் "மஞ்சப் பூ" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள். குழந்தையிடம் எதையாவது கேட்டால், பதில் வர மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். பாசத்தில் அம்மிச்சியே (அம்மாவின் அம்மா) பதிலையும் சொல்லிவிடுவது வழக்கம். குழந்தை தானாகக் கேட்கும்படி, முறுக்கு டப்பாவைக் கண்ணுக்குத் தெரியும்படி எட்டாத உயரத்தில் வையுங்கள். குழந்தை கைகாட்டினால் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், சொன்னால்தான் தருவேன் என்று அழவிடாதீர்கள். சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில் தறிச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும். உள்ளறைக் கதவைச் சாத்தி, குழந்தையின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேசுங்கள். எல்.கே.ஜி.க்காக வீட்டில் அரைகுறை ஆங்கிலத்துக்கு மாறுவது பெரிய தவறு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. ஆனால் அம்மாவுக்குச் சரளமாக வராத மொழியில் பேச்சே குறைந்துபோகும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் அதையே பேசட்டும்.

அங்கன்வாடிக்குக் குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் மருத்துவக் குழு வரும்போது கேட்டால், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பேச்சுப் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் தாய் வாராவாரம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எப்படி வருவார்? நாலைந்து வாரத்தில் வருவதே நின்றுவிடுகிறது. ஒன்றிய அளவில் ஞாயிற்றுக்கிழமையும் மாலையிலும் பயிற்சி தேவை. பயிற்சி நேரத்தில் தாயை வெளியே உட்காரவைக்காமல் உள்ளே கூப்பிட்டுக் கற்றுக்கொடுக்க வேண்டும். மீதி ஆறே முக்கால் நாளும் பேசப்போவது அவர்தான். "போன் குடுத்தே கெடுத்துட்டீங்களா?" என்பது முதல் கேள்வியாக இருக்கவே கூடாது. இரண்டு வயதுக்குள் போன் வேண்டாம் என்பது சரிதான். ஆனால் காது கேளாமையும் ஆட்டிசமும் போன் பார்ப்பதால் வருவதில்லை. குற்றவாளிபோல் நிற்கும் தாய், குழந்தை வீட்டில் எப்படி இருக்கிறது என்று மனம்விட்டுச் சொல்ல மாட்டார். அந்த விவரம் இல்லாமல் பயிற்சியைத் தொடங்கவே முடியாது.

— பேச்சு, கேட்பியல் பயிற்றுநர்கள், திருப்பூர்