பூச்சியம் வந்தாலும் வாக்குப் போட்ட எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் சுவிஸின் பாசல் நகரத்தில் இருந்து வணக்கம்.

ஐரோப்பிய நாடுகள் பாடிப் போட்டியிடும் யூரோவிஷனில் சுவிஸ் பாட்டுக்கு வாக்குப் போடும்படி வெளிநாடுகளில் இருக்கிற உங்களையெல்லாம் கேட்டிருந்தோம். 2025 மே 17 சனிக்கிழமை இரவு அதன் இறுதிப் போட்டியில் சுவிஸுக்குப் பொதுமக்கள் வாக்கில் பூச்சியம் என்று அறிவித்தார்களே, அந்த நிமிடத்திலிருந்து என் கைத்தொலைபேசி ஓயவே இல்லை. "காசு கட்டி வாக்குப் போட்டேன், அது எங்கே போனது?" என்று லண்டன் சித்தி கேட்கிறார். ஒஸ்லோ மச்சான் சிரிக்கிற முகங்களாக அனுப்பிக்கொண்டே இருக்கிறான். ஸ்டுட்கார்ட் மாமா உண்மையாகவே கோபத்தில் இருக்கிறார், தன்னுடைய வாக்கை எண்ணாமல் விட்டுவிட்டார்கள் என்று அவருக்கு உறுதியான நம்பிக்கை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை, அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

முதலில் மாமாவுக்கு. உங்கள் வாக்கை எண்ணினார்கள் மாமா. எண்ணியபிறகும் பூச்சியம் வரலாம், இந்தப் போட்டியின் கணக்கு அப்படி. ஒவ்வொரு நாட்டிலும் நடுவர் குழு ஒரு புள்ளிப் பட்டியல் கொடுக்கும், மக்கள் வாக்கு இன்னொரு பட்டியல். ஒவ்வொரு நாட்டிலும் மக்கள் போட்ட வாக்கை வரிசைப்படுத்தி முதல் பத்துப் பாட்டுக்கு மட்டும் புள்ளி கொடுப்பார்கள், முதலிடத்துக்கு 12, அடுத்ததற்கு 10, பிறகு 8, 7 என்று இறங்கி 1 வரை. பதினோராவதாக வந்த பாட்டுக்கு ஒன்றும் கிடையாது, அதற்கு ஆயிரம் பேர் போட்டிருந்தாலும் சரி, பத்தாவதாக வந்ததற்கும் அதற்கும் ஒரே ஒரு வாக்குத்தான் வித்தியாசம் என்றாலும் சரி. இறுதியில் 26 பாட்டு. அதில் பெரும்பகுதி ஒவ்வொரு நாட்டிலும் வெறுங்கையோடுதான் போகும். ஆக ஜேர்மனியில் நீங்கள் போட்டது, பாரிஸில் அண்ணி போட்டது, ஓர்ஹுஸில் தம்பி குடும்பம் போட்டது எல்லாம் அந்தந்த நாட்டுக் கணக்கில் ஏறியிருக்கிறது, ஆனால் எங்கேயும் முதல் பத்துக்குள் நம் பாட்டைத் தள்ளப் போதவில்லை. பூச்சியம் என்றதும் ஒருவரும் போடவில்லை என்று நினைத்து நொந்துபோகாதீர்கள்.

உங்களிடம் ஏன் கேட்டோம் என்பதும் பலருக்கு அப்போது விளங்கவில்லை. "உங்கள் நாட்டுப் பாட்டுக்கு நீங்களே போடுங்கோவன்" என்று ஒருவர் சொன்னார், யார் என்று சொல்லமாட்டேன். சொந்த நாட்டுக்கு வாக்குப் போட முடியாது, விதி அப்படி. சுவிஸில் எத்தனை தமிழர் இருந்தாலும் எங்கள் கைகள் கட்டித்தான் இருந்தன. ஆனால் நமக்குத்தான் ஊரெல்லாம் ஆட்கள் இருக்கிறார்களே, போர் நம்மைக் கொண்டுபோய்ப் போட்ட இடங்களில் பாதி யூரோவிஷனில் பாடுகிற நாடுகள். பாடாத நாட்டுக்காரருக்கும் வழி இருந்தது. டொராண்டோ பெரியப்பா பேரனை அருகில் உட்காரவைத்துக்கொண்டு கடன் அட்டை இலக்கத்தை எழுத்துக்கூட்டிச் சொல்லி இணையத்தில் வாக்குப் போட்டார். மீதி உலகம் என்று ஒரே கணக்காகச் சேர்த்து, அதையும் ஒரு நாடு போலவே எடுத்துக்கொள்கிறார்கள். பெரியப்பா, அதே வழியில் யாழ்ப்பாணத்தில் தங்கச்சியும் போட்டாள். இங்கே இரவு ஒன்பதுக்குத் தொடங்கியது அங்கே பன்னிரண்டரை, அடுத்தநாள் காலையில் அவளுக்கு வேலை வேறு இருந்தது.

ஒரு பாட்டுப் போட்டிக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டால், இந்த ஊரில் கடந்த ஒரு வருடமாக வேறு பேச்சே இல்லை. 2024 மே மாதம் மால்மோவில் சுவிஸின் பீல் நகரத்துப் பாடகர் நெமோ 591 புள்ளியோடு வென்றபோது, 1988க்குப் பிறகு சுவிஸுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. 88இல் வென்று கொடுத்தவர் செலின் டியோன், டப்ளினில், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். பெரியப்பா, அவர் உங்கள் கனடாக்காரி, சுவிஸுக்காகப் பிரெஞ்சில் பாடினார். இந்த முறை அவர் பாசலுக்கு வருவார் வருவார் என்று கடைசிவரை கதை ஓடியது, கிடைத்தது முதல் அரையிறுதியில் ஒரு காணொளிச் செய்திதான்.

வென்ற நாடு அடுத்த வருடம் நடத்தவேண்டும். பாசல் நகரம் கிடைத்ததும் காசுக் கேள்வி வந்தது. மாநில அரசு ஒதுக்கிய 37.5 மில்லியன் பிராங்கை எதிர்த்து ஒரு சிறு கட்சி கையெழுத்துச் சேர்த்துவிட்டது, ஆகவே பாட்டுப் போட்டிக்குக் காசு கொடுப்பதா என்று 2024 நவம்பர் 24ஆம் திகதி மக்களிடமே கேட்டார்கள். இதெல்லாம் சுவிஸில்தான் நடக்கும்! மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆம் என்றார்கள், 66.6 வீதம். நம்மில் குடியுரிமை எடுத்தவர்களும் வாக்குச்சீட்டைத் தபால் உறையில் போட்டு அனுப்பினோம். எங்கள் வீட்டில் அதற்கு நடந்த சண்டை பாராளுமன்றத்தில்கூட நடந்திருக்காது, என் கணவர் இல்லை என்றார், பிள்ளைகள் ஆம் என்றார்கள், நான் யார் பக்கம் என்று இதுவரை சொல்லவில்லை. சண்டை போட்டாவது அந்த உறையைக் கடைசி நாளுக்கு முன் தபாலில் போட்டவர்கள் எல்லோருக்கும் நன்றி. அந்த வாக்கு மட்டுமாவது எதிர்பார்த்த பலனைத் தந்தது.

இந்த முறை சுவிஸுக்காகப் பாடிய ஸோயி மெ பாசலில் பிறந்தவர், ஜேர்மனியில் சில காலம் இருந்து பிறகு பிரிபூர் பக்கம் வளர்ந்தவர். பாட்டின் பெயர் வொயாஜ், முழுக்கப் பிரெஞ்சு. எங்கள் ஜெர்மன் காதுகளுக்கு அது பிடிபடவில்லை. லௌசானில் இருக்கும் தோழிதான் ஒருநாள் தொலைபேசியில் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லித் தந்தாள், மனிதர் ஒருவரோடு ஒருவர் கொஞ்சம் மென்மையாக இருந்தால் என்ன என்கிற பாட்டு. அதன் பிறகுதான் எனக்கும் பிடித்தது. ஒரு பெண் தனியாக நின்று தணிந்த குரலில் பாடுகிறாள், அவ்வளவுதான். ஆட்டக்காரர் இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. இப்படிப்பட்ட பாட்டு நடுவருக்குப் பிடிக்கும், வீட்டில் பிள்ளைகளோடு கத்திக்கொண்டு பார்ப்பவர்களுக்கு நினைவில் நிற்காது என்று, எதையும் எக்செல் அட்டவணையில் போட்டுப் பார்க்கிற நம் எக்செல் தம்பி ஏப்ரலிலேயே சொன்னான். 2022இலும் சுவிஸுக்கு இதே கதைதான், நடுவர் 78 கொடுத்தார்கள், மக்கள் பூச்சியம். அப்போதும் மெல்லிய பாட்டு. இந்த முறை மாறும் என்று நாங்கள் நினைத்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை, வெறும் ஆசைதான்.

சரி, மண்டபக் கதைக்கு வருகிறேன். அரங்கத்துக்கான நுழைவுச்சீட்டு நிமிடக்கணக்கில் தீர்ந்துபோனது தெரியும்தானே. பக்கத்து உதைபந்தாட்ட மைதானத்தில் பெரிய திரையில் பார்க்க 30,000க்கும் மேற்பட்டோர் போனார்கள், அதிலும் நமக்கு இடமில்லை. அதனால்தான் எல்லோரும் சேர்ந்து பார்க்க ஒரு மண்டபம் எடுத்தோம். இரவு பத்துக்குமேல் சத்தம் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிற மண்டபத்தை நள்ளிரவு தாண்டும்வரை திறந்துவைத்த பராமரிப்பாளர் ஐயாவுக்கு முதல் நன்றி. அவருக்குத் தமிழ் தெரியாது, மகள் இதை ஜெர்மனில் வாசித்துக் காட்டுவாள். பத்து மணிக்கு எங்களை வெளியே அனுப்ப வந்தவர் கதவருகே நின்று இரண்டு பாட்டுப் பார்த்தார், பிறகு கதிரை கேட்டார், கடைசியில் எல்லோருக்கும் முன்வரிசையில் அவர்தான். ரோல்ஸ் எத்தனை சாப்பிட்டார் என்று மாமிக்குத்தான் தெரியும்.

மாமியும் அவருடைய கூட்டமும் மத்தியானத்திலிருந்தே அடுப்படியில். ரோல்ஸ், கட்லட், பிளேன்டீ, பிள்ளைகளுக்குத் தனியாக உறைப்பில்லாத ரோல்ஸ். அந்த வாரம் முழுக்க ஊரின் விடுதிகளிலும் உணவகங்களிலும் சமைத்தும் பாத்திரம் கழுவியும் அறை துப்புரவாக்கியும் நின்றவர்களில் நம்மவர் எத்தனை பேர், அவர்களுக்கு லீவே கிடைக்கவில்லை, பலர் இறுதிப் போட்டியைப் பார்க்கவே இல்லை. மே 11 ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினத்தில், மார்க்ட்பிளாட்ஸ் என்கிற சந்தைச் சதுக்கத்தில் இருந்து ரைன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நீலப்பச்சைக் கம்பளம் விரித்துப் பாடகர்களைப் பழைய ட்ராமில் ஊர்வலமாகக் கொண்டுபோனபோது, ஒரு உணவகத்தின் பின்வாசலில் ஏப்ரனோடு நின்று கையசைத்த அண்ணனின் படம் எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. அண்ணா, அடுத்தநாள் காலைவேலை முடித்துவிட்டு வந்து மண்டபத்துக்குத் திரையும் ஒலிபெருக்கியும் ஏற்பாடு செய்து தந்தீர்களே, அதை நாங்கள் மறக்கவில்லை.

எக்செல் தம்பிக்கு வருவோம். புள்ளி ஏற ஏற அவன் சுவரில் காட்டிய அட்டவணை இல்லாவிட்டால் பாதிப்பேருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. நடுவர் வாக்கு முடிந்தபோது ஆஸ்திரியா 258, நாங்கள் 214, இரண்டாம் இடம்! மண்டபமே எழுந்து நின்றது. பராமரிப்பாளர் ஐயா என் கணவரைக் கட்டிப்பிடித்தார், இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஒரு சுவிஸ்காரர் அவரைக் கட்டிப்பிடித்தது அதுதான் முதல்முறை என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மக்கள் வாக்கை நடுவர் பட்டியலின் அடியிலிருந்து மேல்நோக்கி வாசிப்பார்கள். இரண்டாவதாக நின்றதால் நம் முறை கடைசிக்கு முன்னே வந்தது. அதற்குள் இஸ்ரேல் 357இல், எஸ்டோனியா 356இல். பிரித்தானியாவுக்கு மக்கள் கொடுத்தது பூச்சியம் என்றதும் லண்டன் சித்தியை நினைத்துச் சிரித்தோம். அப்புறம் எங்களுக்கும் அதே பூச்சியம். 214இலேயே நின்று பத்தாம் இடத்துக்குப் போனோம். ஆஸ்திரியாவின் ஜேஜே 436 புள்ளியோடு வென்றார், அந்தக் குரலுக்கு அது தகும். சித்தி, இரண்டு நாட்டுக்கும் ஒரே இரவில் ஒரே கணக்கு, இனி நீங்கள் எங்களைக் கேலி செய்யமுடியாது.

வயதானவர்கள் சிலர் சுவிஸுக்கு இது பெரிய அவமானம் என்றார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் போட்டியே 1956இல் லுகானோவில் தொடங்கியது, முதல் வெற்றியும் இந்த நாட்டு லிஸ் அசியாவுடையது. அதே நாடு 2004 அரையிறுதியில் ஒரு புள்ளிகூட வாங்காமல் வீட்டுக்குப் போயிருக்கிறது. இறுதி இரவைத் தொகுத்து வழங்கிய மூவரில் ஒருவரான சாண்ட்ரா ஸ்டூடர்கூட 1991இல் போட்டியாளராகப் போய் ஐந்தாவதாக வந்தவர்தான். இவர்கள் இதற்குப் பழகியவர்கள். நாம்தான் புதிது.

கடைசியாகச் சில கணக்கு. மண்டப வாடகைக்குக் கொடுத்ததில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் சுற்றுலாவுக்குச் சேர்க்கலாம் என்று நினைக்கிறோம், மறுப்பு இருந்தால் இந்தக் கிழமைக்குள் சொல்லுங்கள். மாமியின் பெரிய சட்டியும் யாரோ ஒருவரின் நீலநிறப் பிள்ளைச் சட்டையும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. ஸ்டுட்கார்ட் மாமா, தொலைபேசிக் கட்டணத்தை எனக்கு அனுப்பவேண்டாம். அடுத்த வருடப் போட்டி ஆஸ்திரியாவில். அங்கே இருக்கிற உறவுகள் சொந்த நாட்டுக்குப் போடமுடியாது என்பதால் இப்போதே உங்களைச் சுவிஸ் பக்கம் எழுதிக்கொண்டேன்.