சாவா மூவாப் பேராடு

சில்வர் ஸ்பிரிங், மேரிலாந்து
10 மே 2016

அன்புள்ள சாமிநாதா,

தை மாதம் உன் அம்மா போன செய்தி வந்த அன்று தொலைபேசியில் நாலு வார்த்தை பேசியதோடு சரி. பிறகு கடிதம் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் 'வர முடியவில்லை' என்று எழுதிவிட்டு அதற்கு மேல் பேனா ஓடவில்லை. நீ கோபமாக இருந்தால் அது நியாயம்தான். இங்கே எல்லோரும் சௌக்கியம். சரோஜாவின் முழங்கால் தேவலை. மகளுக்குப் படிப்பு இந்த வருடத்தோடு முடிகிறது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான். இன்று எழுதியே தீர வேண்டும் என்று ஆனதற்குக் காரணம் அம்மாதான்.

வாஷிங்டனில் தேசியக் கலைக்கூடம் இருக்கிறதே, நீ வந்திருந்தபோது கால் வலிக்கிறது என்று பாதியில் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாயே, அதே இடம். அங்கே ஆண்டுதோறும் மெல்லன் சொற்பொழிவுகள் என்று ஒரு வரிசை நடக்கிறது. 1949-ல் ஏற்படுத்தி, 1952-ல் முதல் பேச்சு. கலையில் ஊறிய ஒருவரை அழைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர்ந்து பேச வைக்கிறார்கள். கட்டணம் இல்லை, யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். கலை வரலாற்றாளர்கள் கென்னத் கிளார்க், கோம்ப்ரிக், தத்துவ அறிஞர் ஐசாயா பெர்லின் எல்லாரும் பேசிய மேடை அது. பெர்லின் 1965-ல் பேசியது அவர் இறந்த பிறகு, 1999-ல்தான் புத்தகமாக வந்தது. அதுவரை கேட்டவர்களின் காதில் மட்டும் தங்கியிருந்த பேச்சு என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இந்த ஆண்டு 65-ஆவது வரிசை. பேசியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வித்யா தெஹேஜியா. பொருள், சோழர் காலச் செப்புத் திருமேனிகள். தலைப்பு என்ன தெரியுமா? 'என் உள்ளங்கவர் கள்வன்'. நம் சம்பந்தர் தேவாரத்தில் வரும் அந்த அடியை ஆங்கிலத்தில் வைத்திருந்தார்கள். அறிவிப்பைப் படித்ததும் ஆறு ஞாயிறும் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

முதல் நாள் என் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மையார். வயது எண்பது இருக்கும். மடியில் கோடு போட்ட நோட்டு, காதில் கேட்புக்கருவி. பேச்சு முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "நீங்கள் அந்த மொழிக்காரரா? அந்தக் கவிதையை அந்த மொழியிலேயே கேட்க வேண்டும் போலிருக்கிறது" என்றார். நானும் தொடங்கினேன்.

'தோடுடைய செவியன் விடையேறியோர் தூவெண் மதிசூடி' வரைக்கும் வந்துவிட்டேன் சாமிநாதா. அதற்கு மேல் குரல் எழும்பவில்லை. உங்கள் வீட்டுக் கூடம், அம்மா கையில் அடைத்தட்டு, நாலு வரியும் சொல்லி முடித்தால்தான் தட்டு கீழே வரும் என்ற கண்டிப்பு, 'விடையேறியோர்' என்ற இடத்தில் நீ எப்போதும் மூச்சு வாங்குவது, எல்லாம் ஒன்றாக வந்து தொண்டையை அடைத்துக்கொண்டன. தை மாதம் வராத அழுகை அங்கே வந்தது. அந்த அம்மையார் ஒன்றும் கேட்கவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். சற்றுப் பொறுத்து 'பீடுடைய பிரமாபுரம் மேவிய பெம்மான் இவனன்றே' என்று முடித்தேன். கள்வன் என்ற சொல்லை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, தமக்குத் தெரிந்த எழுத்துகளில் எழுதிக்கொண்டார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் நான் கற்றுக்கொண்டதை எல்லாம் எழுதினால் தபால்தலை போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். உற்சவரைத் தோளில் தூக்கி வளர்ந்த நாம், அவரை வார்த்த செம்பு எங்கிருந்து வந்தது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? நம் காவிரிக்கரையில் செம்பு வெட்டி எடுக்கும் இடம் ஏது? இலங்கையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது தெஹேஜியாவின் வாதம். சோழர்கள் அந்தத் தீவின் மேல் அவ்வளவு கண்ணாக இருந்ததை இந்தச் செம்போடும் மன்னார் வளைகுடா முத்தோடும் சேர்த்துப் பார் என்கிறார். பீடத்தில் தண்டு கோக்கும் துளைகளைப் படத்தில் பார்த்தபோது என் கை தானாக இடது தோளுக்குப் போனது. அந்தக் காய்ப்பு இன்னும் முழுதாக மறையவில்லை. உனக்கு?

தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனரை நினைவிருக்கிறதா? 1011-ஆம் ஆண்டுத் திருமேனி. பாம்புகளைச் சுற்றிய தலைப்பாகை. இல்லாத காளையின் முதுகில் வலது முழங்கை. பள்ளிச் சுற்றுலாவில் "காளை எங்கே சார்?" என்று நீ கேட்டதற்கு நம் குட்டை வாத்தியார் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஆனால் அன்று அவர் நின்று பத்து நிமிஷம் நமக்கு அந்தக் கையைக் காட்டிப் பேசியிருந்தால் என்று இப்போது மனம் ஏங்குகிறது. நாற்பத்தைந்து பிள்ளைகள் வரிசையாக உள்ளே போய் வரிசையாக வெளியே வந்தோம்.

இதைத்தான் நான் உன்னிடம் பேச வேண்டும். இந்தச் சொற்பொழிவுகள் எப்படி நடக்கின்றன என்று விசாரித்தேன். கலைக்கூடத்தைக் கட்டிக் கொடுத்தவர் ஆண்ட்ரூ மெல்லன். தம்முடைய படங்களையும் கொடுத்து, கட்டடத்துக்குத் தம் பெயர் வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். தம் பெயர் இருந்தால் மற்றவர்கள் கொடுக்கத் தயங்குவார்கள் என்பது அவர் எண்ணம். அப்படியே நடந்தது. மலிவு விலைக் கடைகள் நடத்திச் சம்பாதித்த சாமுவேல் க்ரெஸ் போன்றவர்கள் தங்கள் சேகரிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1941-ல் திறந்தது முதல் கட்டடத்தைப் பராமரிப்பது அரசாங்கப் பணம்; கலைப்பொருள்கள் எல்லாம் தனியார் கொடை. பேச்சுகளுக்கு மெல்லனின் மகனும் மகளும் நிறுவிய அறக்கட்டளைகள் முதலீடு வைத்தன. பக்கத்து இருக்கை அம்மையார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வருடந்தோறும் தம்மால் முடிந்த தொகையைக் கலைக்கூடத்துக்கு அனுப்புகிறார். கால் ஒத்துழைத்த வரைக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படங்களைச் சுற்றிக் காட்டியிருக்கிறார், சம்பளம் இல்லாமல்.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு நம் கோயில் சுவர்தான் கண்ணில் நின்றது. ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் விடுவார்கள். அவற்றின் பாலிலிருந்து நாள்தோறும் உழக்கு நெய். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு என்ன பெயர் வைத்தது? சாவா மூவாப் பேராடு. ஆடு சாகும், மூப்படையும். மந்தை குறையக் கூடாது, விளக்கு அணையக் கூடாது. வைப்புநிதி என்று இன்று சொல்கிறோமே, அதை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டிய ஊர் நம் ஊர். விளக்குக்கு ஆடு விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு பேச்சுக்கு விட மாட்டார்களா?

ஆகவே கேட்கிறேன். வருடத்தில் ஆறு ஞாயிறு. அதிகம் இல்லை. தை, மாசியில், வெயில் ஏறுவதற்கு முன். ஒரு கல்யாண மண்டபம், ஒரு திரை. கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர் ஒருவர், சுவாமிமலையிலிருந்து மெழுகில் உருவம் பிடித்துச் சிலை வார்க்கும் ஸ்தபதி ஒருவர், ஓதுவார் ஒருவர். முதல் மூன்று வருடச் செலவு என்னுடையது. அதற்குள் ஊரில் நூறு பேரிடம் வருடத்துக்கு நூறு ரூபாய் வாங்கப் பழக்க வேண்டும்; அது உன் வேலை. பணத்தை நான் மொத்தமாகப் போட்டுவிடலாம். அப்படிப் போட்டால் அது என் கூட்டம் ஆகிவிடும், ஊர்க் கூட்டம் ஆகாது. பெயர்ப் பலகையில் உன் பெயரும் வேண்டாம், என் பெயரும் வேண்டாம்.

கூட்டம் வராது என்பாய். அப்படிச் சொல்லித் தட்டிக் கழிக்காதே. பட்டிமன்றத்துக்குப் பாயோடு வந்து விடிய விடிய உட்கார்ந்த ஊர் இது.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-ல் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியது. 2014-ல் திரும்பி வந்தார். வந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம் பெரிய துணை. யாரோ ஒருவர் அந்தப் பூட்டிய கோயிலுக்குப் போய், நின்று பார்த்து, பதிந்து வைத்திருக்கிறார். நம் ஊர் உற்சவர்களின் விரல் எப்படி மடங்கியிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? அலங்காரத்துக்குள் இருப்பவரை நான் முழுதாகப் பார்த்ததே இல்லை. இதை நினைத்தால் இரவில் தூக்கம் வரவில்லை.

ஆவணியில் வருகிறேன். டிக்கெட் வாங்கிவிட்டேன். அதற்கு முன் மண்டபக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு வை. தேர்முட்டி ராமுவையும் இழுத்து வா.

அம்மாவின் தேவாரப் புத்தகம் பூஜை அலமாரியில்தானே இருக்கிறது? முதல் பக்கத்தில் எண்ணெய்க் கறையோடு 'தோடுடைய செவியன்' இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பு. அந்த அம்மையாரிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

உன்,
விசு