டிக்காஷன் நிற ஏரி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. "உயிரோடு இருக்கிறாயா?" என்று ஒரே வரி. மூன்று மாதம் எழுதாதது என் தப்புதான். வேலைக்கு ஒன்றும் குறைவில்லை. இப்போது வாரத்தில் இரண்டு நாள் கூடுதலாக ஓய்வு தருகிறார்கள், அதனால் மீன் பிடிக்கப் போகிறேன். லைசென்ஸ் எடுத்துத்தான் பிடிக்கிறேன், அம்மா பயப்பட வேண்டாம். பிடித்ததைக் குழம்பு வைத்தால் கடைக்குப் போகிற வேலையும் மிச்சம்.

அமெரிக்காவின் இந்த மினசோட்டா மாநிலத்தில் பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டும் 11,842 இருக்கின்றன. பெரும்பாலும் பனிப்பாறைகள் விட்டுப்போன பள்ளங்கள். நம் கண்மாய் போலக் கரையும் மடையும் கிடையாது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் காலையில் வணக்கம் சொன்னால் தலைகூட அசைக்க மாட்டார். ஆனால் ஏரிக்குக் கூட்டிப் போவார். போனதும் கறுப்பும் வெள்ளையுமான ஒரு வட்டத் தகட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார். அது எத்தனை அடியில் மறைகிறது என்று பார்த்த பிறகுதான் தூண்டிலைத் தொடுவார். தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று அளக்கத்தான் அது. 1865-இல் சேக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் தட்டை இறக்கிப் பார்த்துத் தொடங்கி வைத்த வேலையாம்.

வடக்கே சதுப்பை ஒட்டிய ஏரிகள் டிக்காஷன் நிறம். அழுக்கு என்று மூக்கைச் சுளித்தேன். சருகு மட்கி இறங்கிய சாயம்தான். தட்டு நாலடியில் மறைந்துவிட்டது. வெளிச்சம் எட்டாத ஆழத்தில் கொடி முளைக்காது. அதனால் கொடியும் மேலேயே நிற்கும், மீனும் மேலேயே நிற்கும். உச்சி வெயிலிலும் கரையோரம் கடிக்கும். தெளிந்த ஏரி வேறு மாதிரி. கொடி வெகு ஆழம் வரை இறங்கும், நம் நிழல் விழுந்தாலே மீன் ஓடும். கொடி முடிகிற விளிம்பில் பொழுது சாய்ந்த பிறகு போட வேண்டும், இல்லையென்றால் காற்றடித்து அலை மோதுகிற கரையில். பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கிற ஏரியில், கோடையில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அங்கே ஆழத்தில் போட்டு உட்கார்ந்தால் பொழுதுதான் போகும்.

'வால்ஐ' என்று ஒரு மீன். பேரைக் கேட்டு வாலைப் பார்க்காதீர்கள், விசேஷமெல்லாம் கண்ணில்தான். டார்ச் அடித்தால் பூனைக்கண்ணாக மின்னும். மங்கிய தண்ணீரில் மற்ற மீன் தடுமாறும்போது இதற்கு இரை தெரியும்.

"புதுத்தண்ணி வந்தால் மடைப்பக்கம் உட்காருடா" என்பீர்களே, அதைப் பெரியவரிடம் சொல்லப் பார்த்தேன். மடைக்கு இங்கிலீஷ் வாயில் வரவில்லை. கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். முதல் தடவையாகச் சிரித்தார். அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

சரி, அது போகட்டும். உங்கள் கண்புரை ஆபரேஷனை இன்னும் தள்ளாதீர்கள். தம்பியை அனுப்பித் தேதி வாங்குங்கள். இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். அதற்காக அம்மாவின் சங்கிலியைத் தொட வேண்டாம். வடக்கு வயல் விஷயத்தில் பெரியப்பா நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், நான் வரும்வரை கிடக்கட்டும். அக்கா மகன் என் தூண்டிலைக் கேட்டானாமே, கொடுத்துவிடுங்கள். நரம்பை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், இற்றுப்போயிருக்கும்.

உங்கள் மகன்